ஒழிந்துபோன மாட்டு நோய்... ஃப்ரீசரில் இன்னும் ஏன் வைரஸ்?

மயிலாப்பூரிலும் அடையாறிலும் இருக்கும் நமக்கு மாடு என்றால், காலையில் வாசலுக்கு வரும் பால் பாக்கெட்தான். அந்தப் பாலைத் தரும் மாடுகளை ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாகக் கொன்றது வெக்கை நோய். அது உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர்கள் முற்றிலும் ஒழித்த நோய் இது ஒன்றுதான். ஆனால், வைரஸ் மட்டும் சில ஆய்வகங்களில் பத்திரமாக இருக்கிறது!

அது என்ன நோய்?

கடும் காய்ச்சல், மூக்கில் சளி, வாய்ப்புண், பிறகு நிற்காத கழிச்சல். மூச்சு, சளி, சாணம் வழியாகப் பக்கத்து மாட்டுக்குத் தொற்றும். இந்தியாவில் கடைசியாக இது தலைகாட்டியது நம் வட ஆற்காட்டில், 1995-ல்.

வைரஸை எப்படி வளர்ப்பார்கள்?

வைரஸ் தானாக வளராது. அதற்கு உயிருள்ள செல் வேண்டும். கன்றுக்குட்டியின் சிறுநீரக செல்களைப் பிரித்து, சத்து நீர் ஊற்றிய பாட்டிலில் வளர்ப்பார்கள். அதில் வைரஸை விட்டால், செல்களுக்குள் புகுந்து பெருகும். அந்த நீரில் கொஞ்சம் எடுத்து அடுத்த பாட்டிலில் விடுவார்கள். கென்யாவில் வால்டர் பிளோரைட் குழு சுமார் 90 முறை இப்படி மாற்றியது. அதற்குள் வைரஸ் நோய் உண்டாக்கும் வலுவை இழந்துவிட்டது. அதுவே தடுப்பூசியானது. ஒரே ஊசி, ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு!

சேமிப்பது எப்படி?

இந்த வைரஸுக்குச் சூடு ஆகாது. அதனால் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைப்பார்கள். தடுப்பூசியை உறைய வைத்து, ஈரத்தை உறிஞ்சிப் பொடியாக்குவார்கள்.

சரி, அழித்துவிட்டால் என்ன?

பிரிட்டனின் பிர்பிரைட் நிறுவனம், மரபணு வரிசையைப் பதிவுசெய்துகொண்டு, 2019-ல் தன்னிடமிருந்த மாதிரிகளை அழித்தது. ஆனால், நோய் எங்காவது திரும்பி வந்தால் பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் கையிருப்பு வேண்டும் என்பது மற்றொரு வாதம். அதனால் அனுமதி பெற்ற சில இடங்களில் மட்டும் வைத்திருக்கிறார்கள். போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு கால்நடை நோய் நிறுவனத்துக்கு 2025-ல் அந்த அனுமதி கிடைத்தது.

நமக்கு என்ன கவலை?

1978-ல் பிரிட்டனின் பர்மிங்காமில், ஆய்வகத்தில் வைத்திருந்த பெரியம்மை வைரஸ் ஓர் உயிரைப் பறித்தது. வெக்கை நோய்க்குத் தடுப்பூசி போடுவதை நிறுத்தி 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்று தொழுவத்தில் நிற்கும் மாடுகளுக்கு அந்த எதிர்ப்புச் சக்தி கிடையாது. ஃப்ரீசர் பூட்டு சரியாக இருப்பதுதான் இப்போது அவற்றுக்குத் தடுப்பூசி.