தோட்டாவுக்குள் முக்கால் மில்லிமீட்டர்

கல்வராயன் மலையிலிருந்து அடிக்கடி வரும் செய்திதான். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பறிமுதல். கூடவே கொஞ்சம் கரிமருந்து, ஒரு டப்பா பால்ரஸ். காட்டுப்பன்றிக்கு வைத்திருந்ததாகப் பிடிபட்டவர் சொல்வார். சங்கராபுரம் வாசகர் ஒருவர் அப்படி ஒரு செய்தியைக் கத்தரித்து அனுப்பி, அடியில் கேட்டிருக்கிறார்: "குழல் வெடித்துச் சுட்டவன் கையே போனாலும் எங்கள் பக்கம் 'மருந்து கூடிப்போச்சு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். மருந்து மட்டும்தானா காரணம்? போலீஸ் பிஸ்டல் தோட்டாவில் இந்தத் தொல்லையே கிடையாதா?"

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது. தொல்லை உண்டு. மருந்து ஒரு துளிகூடக் கூடாமலேயே உண்டு.

9 மி.மீ. பிஸ்டல் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். உலகம் முழுக்கப் போலீஸ் இடுப்பில் தொங்குவது. இந்தியாவில் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். பித்தளைக் கூட்டின் உயரம் 19 மி.மீ.தான். காலியாக இருந்தாலும் அதில் ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் பிடிக்காது. குண்டின் அடிப்பக்கம் ஐந்தாறு மி.மீ. உள்ளே இறங்கி உட்கார்ந்த பிறகு மிஞ்சுவது ஏறக்குறைய அரை மில்லிலிட்டர் இடம். மருந்தோ அரை கிராமுக்கும் குறைவு. அந்தப் பொட்டு இடத்தில் எழலாம் என்று ஐரோப்பியத் தரவிதி அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 2,350 பார். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தைப் போல 2,300 மடங்குக்கு மேல்.

இனி, குண்டை இன்னும் முக்கால் மி.மீ. உள்ளே தள்ளிவிடுங்கள். குண்டின் குறுக்குப் பரப்பு 64 சதுர மி.மீ. கணக்குப் போட்டால் சுமார் 49 கன மி.மீ. இடம் போயிற்று; இருந்ததில் பத்தில் ஒரு பங்கு. பாயில் விதி இன்னும் நினைவில் இருப்பவர்கள், அழுத்தமும் பத்தில் ஒரு பங்கோ கொஞ்சம் மேலோ ஏறும் என்பார்கள். குண்டு தயாரிக்கும் அமெரிக்காவின் ஸ்பியர் நிறுவனம் இதைச் சோதித்துத் தன் கையேட்டிலேயே அச்சிட்டது. அதே மருந்து, அதே குண்டு, ஆழம் மட்டும் 0.030 அங்குலம் கூடுதல். அழுத்தம் 28,000-லிருந்து 62,000-க்குத் தாவியது. (சின்ன செம்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்து அளக்கும் பழைய அலகு அது.) பத்து சதவீதம் இடம் குறைந்ததற்கு இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம். பாயில் கணக்குக்கு வெளியே இருக்கும் அந்த மீதி எங்கிருந்து வந்தது?

மருந்தின் குணத்திலிருந்து. இன்றைய புகையில்லா மருந்தின் ஒவ்வொரு துணுக்கும் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிகிறது. திறந்தவெளியில் கொஞ்சம் கொட்டிப் பற்றவைத்தால் மஞ்சள் சுடராகச் சாவகாசமாக எரிந்து அடங்கும், வெடிக்காது. ஆனால் அதன் எரிவேகம் சுற்றியுள்ள அழுத்தத்தைப் பார்த்து ஏறும். அழுத்தம் இரட்டித்தால் எரிவேகமும் கிட்டத்தட்ட இரட்டிக்கும். வேகமாக எரிந்தால் வாயு சீக்கிரம் சேரும், அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் மறுபடி எரிவேகத்தை ஏற்றும். தன் தீயைத் தானே ஊதிக்கொள்ளும் பொருள்.

வீட்டு குக்கர் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். உள்ளே ஆவி ஏற ஏற, அடுப்பின் குமிழை அந்தக் குக்கரே திருகித் தீயைப் பெரிதாக்கிக்கொள்கிறது. விசில் இல்லை, வால்வு இல்லை. மூடி ஒன்றுதான் நகரும், அதுவும் ஒரு நீளமான குழாய்க்குள். மூடி நகர்ந்தால் உள்ளே இடம் பெருகி அழுத்தம் தணியும். ஆக மூடி முந்துகிறதா, அடுப்பு முந்துகிறதா என்பதுதான் பந்தயம். ஐந்து லிட்டர் குக்கர் என்றால் அழுத்தம் மெதுவாக ஏறும், மூடிக்குக் கிளம்ப அவகாசம் கிடைக்கும். அதே அரிசி, அதே தண்ணீரை மூன்று லிட்டரில் வையுங்கள். மூடி அசையலாமா என்று யோசிப்பதற்குள் குமிழ் கடைசிவரை திரும்பியிருக்கும். சாதம் வெந்ததா என்று கேட்காதீர்கள்; மொத்தச் சமையலும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்து, மூடி அடுத்த தெருவில் கிடக்கும். குழம்பு எங்கே என்று அடுத்த வீட்டுக்காரர் சொல்வார். இதற்குமேல் இழுத்தால் காஸ்கெட் கிழிந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

குண்டு குழலில் ஒரு சென்டிமீட்டர் நகர்வதற்குள் பிஸ்டலில் அழுத்தம் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதனால்தான் தொடக்கத்தில் இருந்த இடம் இவ்வளவு முக்கியமாகிறது.

தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலில் இதற்கு இன்னொரு வம்பும் சேரும். மேகசினிலிருந்து தோட்டாவை மேல்தகடு முன்னால் தள்ளும்போது, குண்டின் மூக்கு ஒரு சரிவில் மோதி ஏறித்தான் குழலின் அறைக்குள் போகும். மோதும்போதெல்லாம் குண்டை உள்ளே தள்ளப் பார்க்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது பித்தளையின் இறுக்கம் மட்டுமே. ரிவால்வர் தோட்டா என்றால் கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் நன்றாக மடித்துவிடலாம். 9 மி.மீ.யில் அப்படி மடிக்க முடியாது, கூட்டின் வாய் விளிம்புதான் அறைக்குள் ஒரு படியில் முட்டி நின்று தோட்டாவை நிறுத்தி வைக்கிறது. பணிக்கு வரும்போது ஏற்றுவது, முடிந்ததும் இறக்குவது, மறுநாள் அதே தோட்டாவையே மறுபடி ஏற்றுவது என்று நடந்தால், மேலிருக்கும் அந்த ஒரு தோட்டா தினமும் மூக்கில் குத்து வாங்கும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் குட்டையாகியிருப்பது தெரியும். குட்டையானதைச் சுடாமல் ஒதுக்கிவிடுவதுதான் முறை.

அமெரிக்காவில் காலிக் கூடுகளைப் பொறுக்கி, வீட்டுக் கொட்டகையில் புது மருந்தும் குண்டும் வைத்து அழுத்துவது ஒரு பொழுதுபோக்கு. இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவை மீறுவது. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு. அந்தப் பொழுதுபோக்குக்காரர்களின் பேச்சில் மருந்துத் தராசின் துல்லியம்தான் பெரிதாக அடிபடும், இன்ன மருந்து போட்டால் இத்தனை வேகம் என்ற பெருமையும் சேரும். கையேட்டில் அதே வரியில் தோட்டாவின் மொத்த நீளமும் இருக்கிறது என்பதைப் பலர் போகிறபோக்கில்தான் பார்க்கிறார்கள். அந்த நீளமும் பாதி உண்மைதான். கூர்மூக்குக் குண்டும் தட்டைமூக்குக் குண்டும் ஒரே மொத்த நீளத்தில் நின்றாலும், கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் பகுதி இரண்டுக்கும் ஒன்றாக இராது. மருந்துக்குத் தெரிவது உள்ளே இருக்கும் நீளம் மட்டும்தான்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்காக: புகையில்லா மருந்தை 1884-இல் கண்டவர் பிரான்சின் பால் வியேல், அழுத்தத்தோடு எரிவேகம் ஏறும் விதியும் அவர் பெயரில்தான். 1889-இல் பிரிட்டனின் ஏபலும் டிவாரும் கார்டைட் என்ற புகையில்லா மருந்தைச் செய்தார்கள், அதற்காக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி அருவங்காட்டில் ஆலை எழுந்தது. 9 மி.மீ. தோட்டா ஜெர்மனியில் வேலை பார்த்த கியோர்க் லூகருடையது. அவ்வளவு போதும்.

இனி மலைக்கு. நாட்டுத் துப்பாக்கியில் கூடே கிடையாது. வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியோ நாரோ திணித்து, பால்ரஸைப் போட்டு, மறுபடி அடைத்து, இரும்புக் கம்பியால் இடித்து இறக்குவார்கள். கரிமருந்தின் எரிவேகம் அழுத்தத்துக்கு அவ்வளவாக மசியாது, எனவே மேலே சொன்ன பந்தயம் இதில் பாதிகூட நடக்காது. புகையில்லா மருந்தை இந்தக் குழலில் போட்டால் நடக்கும், ஒரே ஒரு முறை.

கரிமருந்தின் ஆபத்து நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. இங்கே இடம் குறைந்தால் கேடில்லை, கூடினால்தான் கேடு. எரிந்த கரிமருந்தில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் புகையும் கசடுமாகத் தங்கும். அந்தக் கசடு ஈரத்தை உறிஞ்சும். வெள்ளிமலைப் பக்கத்து மழைக்கால இரவில் கேட்கவே வேண்டாம். இரண்டு முறை சுட்டபின் குழல் உள்ளே குறுகிவிடும், மூன்றாவது முறை இடிக்கும்போது அடைப்பு பாதி வழியிலேயே சிக்கி நிற்கும். இருட்டில் கம்பி எவ்வளவு தூரம் இறங்கியது என்று யார் பார்க்கிறார்கள்? இப்போது மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காலி இடம். வாயு அந்த வெளியில் வேகமெடுத்து ஓடிவந்து, அசையாமல் நிற்கும் அடைப்பில் முட்டி ஒரே கணத்தில் நிற்கிறது. ஓடிவந்த வேகமெல்லாம் அந்த இடத்தில் அழுத்தமாக மாறிக் குழல் சுவரைத் தள்ளுகிறது. மருந்து வழக்கமான அளவுதான், குறைவாகக்கூட இருக்கலாம்.

பிஸ்டலிலும் இதற்கு ஒரு பங்காளி உண்டு. மருந்தே விழாத தோட்டா ஒன்று 'டப்' என்று சோனியாக ஒலித்து, குண்டைக் குழலின் நடுவில் விட்டுவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் அந்தக் குண்டு முன்னதில் போய் மோதும்.

ஆக, வாசகரின் முதல் கேள்விக்கு உடைந்த குழலே பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். மருந்து இருந்த அடிப்பக்கம் பிளந்திருந்தால், கூடிப்போனது என்ற ஊர்ப்பேச்சு சரியாக இருக்கலாம். குழலின் நடுவில் சுற்றிலும் வளையம்போல் வீங்கி, அங்கே கிழிந்திருந்தால், அடைப்பு சிக்கி நின்ற இடம் அதுதான்.