நம் உடம்பின் காவல்

வயலில் வேலை செய்கிறோம். காலில் முள் குத்துகிறது. இரண்டு நாளில் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. சீழ் பிடிக்கிறது. தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. முள் குத்தியது காலில்தானே? தொடை இடுக்கில் ஏன் நெறி கட்டுகிறது?

நம்மைச் சுற்றிலும் கிருமிகள் உள்ளன. அவை கண்ணுக்குத் தெரியாது. அவற்றைத் தடுக்கும் முதல் வேலி நம் தோல். கண்ணீரும் எச்சிலும் கூடச் சில கிருமிகளைக் கொல்லும்.

முள் குத்தினால் வேலியில் ஓட்டை விழுகிறது. கிருமி உள்ளே நுழைகிறது. உடனே ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் அங்கே ஓடி வருகின்றன. ஒரு சொட்டு ரத்தத்தில் லட்சக்கணக்கான வெள்ளை அணுக்கள் உண்டு. அவை கிருமிகளை விழுங்குகின்றன. இந்தச் சண்டையில் செத்த அணுக்களும் கிருமிகளும்தான் சீழ்.

தொடை இடுக்கு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் வெள்ளை அணுக்கள் கூடும் சாவடிகள் உண்டு. சண்டை நடக்கும்போது சாவடி வீங்கும். அதுதான் நெறி.

மறக்காத அணுக்கள்

வெள்ளை அணுக்களில் ஒரு வகை, கிருமியை அழிக்க எதிர்ப்பொருள் செய்கிறது. பூட்டுக்கு ஒரு சாவி போல, ஒவ்வொரு கிருமிக்கும் தனி எதிர்ப்பொருள். புதிய கிருமி வந்தால் இதைச் செய்யப் பல நாட்கள் ஆகும். அதற்குள் நோய் முற்றிவிடலாம். குழந்தையின் உயிரே போகலாம்.

பிழைத்தவர் உடம்பில் சில அணுக்கள் அந்தக் கிருமியை மறப்பதில்லை. அதனால்தான் தட்டம்மை ஒரு முறை வந்தவருக்கு மறுபடி பெரும்பாலும் வருவதில்லை.

நோய் வராமலே இந்த நினைவைத் தருவதுதான் தடுப்பூசி. அதில் இருப்பது பலம் இழந்த கிருமி, அல்லது செத்த கிருமி, அல்லது கிருமியின் ஒரு பகுதி. அதைப் பார்த்து அணுக்கள் பழகிக்கொள்கின்றன.

காய்ச்சல் வருகிறதே!

ஊசி போட்டால் காய்ச்சல் வருகிறது என்று சில தாய்மார்கள் அடுத்த ஊசிக்கு வருவதில்லை. அணுக்கள் வேலை செய்வதால் வரும் காய்ச்சல் அது. ஒன்றிரண்டு நாளில் தணியும். தணியாவிட்டால் நர்சிடம் காட்டுங்கள். பாதியில் நிறுத்தாதீர்கள். பல நோய்களுக்கு ஒரு ஊசி போதாது. மறுபடி போட்டால்தான் நினைவு உறுதிப்படும்.

பெரியம்மை 1975-ல் நம் நாட்டை விட்டுப் போனது. 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. இரண்டும் தடுப்பு மருந்தால் நடந்தவை.

குழந்தை பிறந்தவுடன், 6, 10, 14 வாரங்களில், 9 மாதம் முடிந்ததும், 16 முதல் 24 மாதத்துக்குள், பிறகு 5 வயதில் தடுப்பூசி போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அதில் உள்ள தேதியை இனி நீங்களே படிக்கலாம்.

பதில் சொல்லுங்கள்

1. நெறி ஏன் கட்டுகிறது?
2. தடுப்பூசிக்குப் பின் காய்ச்சல் ஏன் வருகிறது?
3. உங்கள் குழந்தைக்கு அடுத்த ஊசி எந்தத் தேதியில்?