துணை விலகும்போது வளரும் திறன்

எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயத் தடம் உள்ளது. அங்கே இளம் வயதில் பந்தயம் ஓட்டிய கோவையின் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார். அப்போது அந்தக் கார்களில் 'டிராக்‌ஷன் கன்ட்ரோல்' அனுமதிக்கப்பட்டிருந்தது. பின்சக்கரம் வழுக்கிச் சுழன்றால் உணரிகள் கண்டறியும். கணினி உடனே எஞ்சினின் விசையைக் குறைக்கும். 2008இல் இது தடை செய்யப்பட்டது. 2011இல் நரேன் மீண்டும் களமிறங்கியபோது அந்தத் துணை இல்லை.

ஓட்டுநர்கள் எப்படிச் சமாளித்தனர்? வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக அழுத்தாமல், ஸ்டீயரிங் நேராவதற்கு ஏற்பப் படிப்படியாக மிதித்தனர். சக்கரம் வழுக்கத் தொடங்குவதை இருக்கையின் வழியே உடலால் உணர்ந்தனர். தடை முன்பே அறிவிக்கப்பட்டதால், போட்டிகளுக்கு முந்தைய சோதனை ஓட்டங்களில் தவறித் தவறிப் பழக அவகாசமும் இருந்தது.

அந்த அவகாசத்தை நான் என் மாணவர்களுக்குத் தரவில்லை. உத்திரமேரூர் பகுதியில் நான் கற்பிக்கும் வகுப்பின் சுவரில் வாய்ப்பாட்டு அட்டை தொங்கியது. ஒருநாள் திடீரென அதைக் கழற்றினேன். நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைகளும் திணறினர். ஒரு மாணவி அழுதேவிட்டாள். அட்டையை மீண்டும் மாட்டினேன். பிறகு நாளுக்கு ஒரு வரியாகத் தாள் ஒட்டி மறைத்தேன். 7 × 8 மறந்த அதே மாணவி, 7 × 7 = 49 உடன் 7ஐக் கூட்டி 56 என்றாள்.

துணைக்கருவி தேவைதான். அதை எப்போது, எவ்வளவு மெதுவாக விலக்குவது என்பதையும் பாடத்திட்டமிடலில் சேர்த்துக்கொள்வோம்.