பழைய ராணுவ ஜீப்பை நாமளும் வாங்கலாமா? பெயின்ட் முதல் மெடல் வரை சட்டம் சொல்வது என்ன?

2019-ஆம் ஆண்டு ராஞ்சி சாலையில் ஒரு பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார் தோனி. வண்டியின் பெயர் ஜோங்கா. பல வருடங்கள் இந்திய ராணுவத்தில் ஓடிய வாகனம். அந்தப் படங்களைப் பார்த்த பலருக்கும் ஒரே கேள்விதான். ‘இதை நாமளும் வாங்க முடியுமா?’

வாங்கலாம். சட்டத்தில் தடை இல்லை. ஆனால் வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கலே ஆரம்பிக்கும். அதற்கு அடிக்கிற பெயின்ட், மாட்டுகிற நம்பர் பிளேட், கூடவே வாங்கி வைக்கிற யூனிஃபார்ம், துப்பாக்கி என ஒவ்வொன்றுக்கும் விதி இருக்கு. சுருக்கமாகச் சொன்னால், ராணுவப் பொருளை சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். நாமே ராணுவம் மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. விரிவாகப் பார்க்கலாம்.

சேகரிப்பாளர்கள் தேடும் வண்டிகள் எவை?

முதலிடம் வில்லீஸ் ஜீப்புக்கு. இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் வில்லீஸ், ஃபோர்டு என இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைத் தயாரித்தன. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் மஹிந்திரா நிறுவனம் வில்லீஸ் ஜீப்பை மும்பையில் பூட்டி விற்கத் தொடங்கியது.

அடுத்தது ஜோங்கா. ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்பிளி என்பதன் முதல் எழுத்துகள்தான் இந்தப் பெயர். ஜப்பானின் நிசான் பேட்ரோல் வண்டியின் இந்திய வடிவம் இது. 4 லிட்டர் அளவுள்ள பெட்ரோல் இன்ஜின். ஆக, வாங்கும் விலையோடு செலவு முடிந்துவிடாது, பெட்ரோல் பங்கிலும் தொடரும்.

‘உலகப் போர் ஜீப்’ என்கிறார்களே, நம்பலாமா?

கிரில்லில் இருக்கும் இடைவெளிகளை எண்ணிப் பாருங்கள். போர்க்கால ஜீப்பில் 9 இருக்கும். போருக்குப் பிறகு பொதுமக்களுக்காக வந்த வில்லீஸ் ஜீப்பில் 7 தான். மிக ஆரம்பகால வில்லீஸில் மட்டும் பட்டைகளை வெல்டு செய்த கிரில் இருக்கும்.

போர்க்கால ஜீப்பின் ஹெட்லைட்டுகள் கிரில்லுக்குள் உள்ளடங்கி இருக்கும். அவற்றைப் பின்பக்கமாகத் திருப்பினால் இன்ஜின் மீது வெளிச்சம் விழும். இருட்டில் ரிப்பேர் பார்க்க அப்படி ஒரு ஏற்பாடு. பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும், சீட்டைத் தூக்கித்தான் நிரப்ப வேண்டும். ஃபோர்டு தயாரித்த ஜீப் என்றால் போல்ட்டுகளில்கூட ‘எஃப்’ என்ற எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும்.

ராணுவ வண்டி வெளியே எப்படி வருகிறது?

ஆயுள் முடிந்த வண்டிகளை ராணுவம் ஏலத்தில் விடும். ‘கண்டம் வண்டி’ என்று நம்ம ஊரில் சொல்வது இதைத்தான். ராணுவத்தில் இருந்தவரை அதற்கு மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட தனி நம்பர் உண்டு. ராணுவத்தை விட்டு வெளியே வந்த நிமிடமே அந்த நம்பருக்கு மதிப்பு கிடையாது. மற்ற வண்டிகளைப் போல ஆர்டிஓ அலுவலகத்தில் புதிதாகப் பதிவு செய்தாக வேண்டும்.

அதற்கு முக்கியமான ஆவணம் படிவம் 21. ஷோரூமில் வாங்கும் வண்டிக்கு டீலர் தரும் அதே விற்பனைச் சான்றிதழ்தான். ராணுவ ஏல வண்டி என்றால் பாதுகாப்புத் துறை அதிகாரி அதைத் தர வேண்டும். ‘ஏலத்துல எடுத்தது சார், பேப்பர் அப்புறம் வாங்கிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பேப்பர் இல்லாத ஜீப் சாலையில் இறங்க முடியாது, கொட்டகையில்தான் நிற்கும்.

இன்னொரு விஷயம். ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்கள் பழைய பாகங்களை வைத்து ஜீப் கட்டித் தருவதற்குப் பெயர் போனவை. பார்க்க அசத்தலாக இருக்கும். ஆனால் ஆர்சி-யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதனால் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் துடைத்துப் பார்த்து, ஆவணத்தோடு ஒப்பிட்ட பிறகே விலை பேசுங்கள்.

50 வயது தாண்டிய வண்டிக்கு என்ன சலுகை?

2021-ல் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவில் இருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு இது பொருந்தும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் கழித்து மறுபதிவுக்கு 5,000 ரூபாய்.

ஆனால் இந்த வண்டியில் தினமும் ஆபீஸ் போக முடியாது, வாடகைக்கும் விடக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் நிரப்புவது, சர்வீஸ் போன்ற தேவைகளுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம்.

பச்சை பெயின்ட் அடிக்கலாமா?

பலரும் சறுக்கும் இடம் இதுதான். மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி, பாதுகாப்புத் துறை வாகனங்களைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை நிறம் அடிக்கக் கூடாது. நிஜமாகவே ராணுவத்தில் ஓடிய வண்டியாக இருந்தாலும் இப்போது அது உங்கள் வண்டி, ராணுவ வண்டி அல்ல. ராணுவ ஜீப்பை ஆசையாக வாங்கியவருக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு செக்போஸ்ட்டில் நிற்பவர் நிறத்தைப் பார்த்துத்தான் ராணுவ வண்டி என்று நம்பி வழிவிடுவார். அந்த நம்பிக்கையை யாரும் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்பதே நோக்கம்.

தாத்தாவின் யூனிஃபார்ம், மெடல், துப்பாக்கி?

யூனிஃபார்மை பீரோவில் பத்திரமாக வைத்திருப்பது குற்றம் இல்லை. ராணுவ வீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு போட்டுக்கொண்டு திரிந்தால் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 168-வது பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வார் மெடல் வீட்டில் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். குடும்ப வரலாற்றைத் தேட அந்த ஒரு வரி போதும். நூறு ஆண்டுகளைக் கடந்த வரலாற்றுப் பொருட்களைத் தனிநபர்கள் வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அனுமதிக்காது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறை. ஆன்லைனில் வெளிநாட்டுக்காரர் நல்ல விலை சொல்கிறாரே என்று பார்சல் போட்டுவிடாதீர்கள்.

துப்பாக்கி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு மட்டும் ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்கு தருகிறது. ‘துருப்பிடிச்சுப் போச்சு, இனி சுடாது’ என்று நாமே முடிவு செய்யக் கூடாது. காவல் நிலையத்தில் எழுத்துபூர்வமாகத் தெரிவிப்பதே பாதுகாப்பு. உயிருள்ள தோட்டா ஒன்றே ஒன்று இருந்தாலும் அதற்கு லைசென்ஸ் வேண்டும். பழைய குண்டு, ஷெல் எதையாவது பார்த்தால் தொடவே வேண்டாம், உடனே 112-க்கு போன் செய்யுங்கள்.

வாங்கும் முன் கடைசியாக ஒருமுறை...

படிவம் 21 அல்லது ஆர்சி கையில் இருக்கிறதா? சேஸிஸ் நம்பர் ஒத்துப்போகிறதா? வண்டியின் நிறம் என்ன? அம்புக்குறி நம்பர் அழிக்கப்பட்டிருக்கிறதா? இந்த நான்குக்கும் சரியான பதில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஒன்று இடித்தாலும், டெஸ்ட் டிரைவோடு திரும்பி வந்துவிடுவது நல்லது.