முட்டையோட்டில் ஒரு தீபம்

ஈஸ்டர் பண்டிகையைத் தீபத்தின் பண்டிகை என்றே சொல்லலாம். சனிக்கிழமை இரவு கத்தோலிக்க ஆலயங்களில் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, புதிதாக மூட்டிய நெருப்பிலிருந்து ஒரு பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள். சிலுவையும் அவ்வாண்டின் இலக்கங்களும் பொறித்த அந்த ஒரு சுடரிலிருந்து கைக்குக் கை ஒளி பரவி, இருண்ட ஆலயம் முழுவதும் பிரகாசமாகிவிடும்.

ஐரோப்பாவில் இது வஸந்த காலம். முட்டையிலிருந்து குஞ்சு வெளிவருவது புது வாழ்வுக்கு அடையாளம் என்று கருதி, அங்கே வீடுதோறும் முட்டைகளுக்கு வர்ணம் தீட்டுவார்கள். சுடரையும் முட்டையையும் ஒன்று சேர்த்தால் கிடைப்பதுதான் முட்டையோட்டு மெழுகுவர்த்தி.

சென்ற வருஷம் நம் தெருவிலுள்ள கிறிஸ்தவ நண்பர் வீட்டுக் குழந்தைகளுக்கு இதைச் செய்து காட்ட முன்வந்தோம். உபாத்தியாயர் அல்லவா? நமக்குத் தெரியாததும் உண்டோ! மெழுகுடன் குழந்தைகளின் உடைந்த கிரேயான் துண்டுகளைக் கலந்து உருக்கினோம். தையல் நூலையே திரியாக வைத்தோம். சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் பன்னிரண்டு முட்டைகள் கண்ணைப் பறித்தன. இரவில் ஏற்றியபோது இரண்டு நிமிஷம் எரிந்தன; பிறகு ஒவ்வொன்றாக அணைந்து போயின. நண்பரின் சிறிய பெண், “அழகாகத்தானே இருந்தது, மாமா, ஏன் எரியவில்லை?” என்று கேட்டாள். நம்மிடம் பதில் இல்லை.

பதில் மைக்கேல் பாரடேயிடம் இருந்தது. 1860-61-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அப்பேரறிஞர் ஒரு மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு இளைஞர்களுக்கு ஆறு பிரசங்கங்கள் செய்தார். சுடரின் சூட்டில் மெழுகு உருகுகிறது. உருகிய மெழுகைத் திரி தன் நுண்ணிய துளைகளின் வழியே மேலே இழுக்கிறது. அங்கே அது ஆவியாகி எரிகிறது. கிரேயானிலுள்ள வர்ணப் பொடியோ மெழுகில் கரையாமல் அந்தத் துளைகளை அடைத்துவிடும். தையல் நூலும் போதிய மெழுகை இழுக்காது. சுடருக்கு வேண்டியதை விட்டுவிட்டுக் கண்ணுக்கு வேண்டியதைத் தேடினோம்!

ஆகவே வர்ணம் ஓட்டுக்கு. மெழுகு சுத்தமாகவே இருக்கட்டும். முட்டையின் மேல்முனையைச் சிறிது உடைத்து, உள்ளிருப்பதைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, ஓட்டை நன்றாகக் கழுவுங்கள். வெங்காயச் சருகு அல்லது மஞ்சள்பொடி போட்டுக் கொதிக்க வைத்த நீரில் சிறிது வினிகர் சேர்த்து, ஆறியபின் ஓட்டை ஊறவைத்தால் செந்தவிட்டு நிறமோ மஞ்சளோ ஏறும். பிறகு ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, மணல் நிரப்பிய கிண்ணத்தில் நிமிர்த்தி வையுங்கள். பின்னிய பருத்தித் திரியை மெழுகில் தோய்த்து, ஓட்டின் வாயில் குறுக்கே வைத்த குச்சியில் கட்டி, நடுவில் தொங்கவிடுங்கள்.

மெழுகை நேரே அடுப்பில் வைக்கலாகாது. வெந்நீர்ப் பாத்திரத்தினுள் சிறு பாத்திரத்தை வைத்து உருக்குவதே முறை. தேன்மெழுகு சுமார் 62 முதல் 64 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். வெந்நீரோ 100 டிகிரிக்கு மேல் போகாது. தப்பித் தவறி மெழுகில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது; எரியும் மெழுகு நாற்புறமும் சிதறும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடுங்கள். இந்த வேலை பெரியவர்களுடையது.

ஊற்றிய மெழுகு ஆறும்போது சுருங்கித் திரியைச் சுற்றிக் குழி விழும். மறுபடி சிறிது ஊற்றி நிரப்புங்கள். இறுகியபின் திரியைக் கால் அங்குலம் விட்டுக் கத்தரியுங்கள். எரியும்போது மணல் கிண்ணத்திலேயே இருக்கட்டும். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

இவ்வருஷம் அதே வீட்டில் அதே குழந்தைகளுடன் மறுபடி உட்கார்ந்தோம். இம்முறை மூன்றே முட்டைகள். மங்கலான மஞ்சள் நிறம். வேறு ஆடம்பரம் கிடையாது. இரவு ஏற்றினோம். அந்தப் பெண் வெகு நேரம் கண்கொட்டாமல் பார்த்திருந்துவிட்டு, “எரிகிறது, மாமா!” என்றாள். இருபது வருஷம் பாடம் நடத்தியதில் இவ்வளவு நல்ல மார்க்கு நமக்கு எவரும் கொடுத்ததில்லை.