பழைய டீசல் சரக்கு வண்டியின் கோளாறுகளும் அவற்றின் காரணம் அறியும் முறையும்

விளைந்த பொருளைப் பக்குவம் கெடுமுன் சந்தையிற் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அதனை விளைவிப்பதற்குச் சற்றும் குறையாத காரியமாகும். தக்காளியும் கீரையும் வாழைத்தாரும் ஏற்றிய வண்டி ஒரு நாள் வழியில் நின்றுவிடுமாயின், பல மாத உழைப்பின் பயன் அந்த ஒரு நாளில் பாதியாய்க் குறைந்துவிடும். முற்காலத்தில் கட்டை வண்டி செய்துவந்த வேலையை இப்பொழுது பெரும்பாலும் டீசல் எண்ணெயால் ஓடும் சிறு லாரிகளும், திறந்த பின்தட்டுடைய பிக்கப் வண்டிகளுமே செய்கின்றன. அவற்றுள் பழையவை அநேகம். 1986-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் வெளியிட்ட 407 என்னும் வண்டி இவ்வகைக்குத் தக்க உதாரணமாகும். அதில் நெடுங்காலம் அமைக்கப்பட்டுவந்த 497 வகை யந்திரம், 97 மில்லிமீட்டர் குறுக்களவும் 100 மில்லிமீட்டர் ஓட்டமும் உள்ள நான்கு சிலிண்டர்களைக் கொண்டது.

இத்தகைய பழைய வண்டிகளில் எண்ணெயைச் செலுத்தும் பம்பு முழுதும் இரும்பு வேலையே. கம்ப்யூட்டர் அதில் இல்லை. ஆகையால் அதன் கோளாறுகளைக் கண்ணாலும் காதாலும் மூக்காலும் கண்டறிதல் கூடும். ஆயினும் வண்டி நின்றவுடன், காரணத்தை ஆராயாமல் விலையுயர்ந்த பாகங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுவது வழக்கமாயிருக்கிறது. சில ரூபாய் பெறுமான ஒரு செம்பு வாஷர் தேய்ந்திருக்க, எண்ணெய்ப் பம்பு முழுவதையும் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினால், செலவும் காலமும் வீண். கோளாறோ இருந்தபடியே இருக்கும். எளிதானதை முதலிலும் அரிதானதைப் பின்னும் சோதித்தல், ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல் என்னும் இவ்விரண்டு விதிகளைக் கைக்கொள்வோருக்குப் பெரும்பாலான நஷ்டம் நேராது.

யந்திரம் கிளம்பாமை

டீசல் யந்திரத்தில் தீப்பொறி கொடுக்கும் பிளக்கு இல்லை. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று, தன் பருமனில் 16 முதல் 20 பங்கில் ஒரு பங்காக அமுக்கப்படும்பொழுது மிகுந்த சூட்டை அடைகிறது. அச்சூட்டில் எண்ணெய் நுண்துளியாகப் பீச்சப்பட்டுத் தானே பற்றிக்கொள்கிறது. ஆகையால் யந்திரம் கிளம்புவதற்குப் போதிய வேகமான சுழற்சி, காற்று, எண்ணெய், அமுக்கம் ஆகிய நான்கும் வேண்டும். இந்நான்கில் குறைவுபட்டது எது என்று அறிவதே முதல் வேலை.

செல்ப் மோட்டார் மெதுவாய் முனகிச் சுழன்றால் குற்றம் மின்சாரத்தின்பாலது. பாட்டரியின் முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் உப்பை வெந்நீரால் கழுவி, கவ்விகளைச் சுரண்டி இறுக்குவதனாலேயே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். பாட்டரியிலிருந்து சட்டத்திற்கும் யந்திரத்திற்கும் செல்லும் எர்த்துக் கம்பியையும் இவ்வாறே பார்த்தல் வேண்டும். நிறைந்த 12 வோல்ட் பாட்டரி, வண்டி நிற்கும்பொழுது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கினால் அது வெறுமையாயிற்று என்று கொள்க. யந்திரம் ஓடும்பொழுது 13.8 முதல் 14.4 வரை காட்டாவிடின், பாட்டரியை மாற்றிப் பயனில்லை; மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்டையும் கவனிக்க வேண்டும்.

செல்ப் வேகமாய்ச் சுழன்றும் யந்திரம் பிடிக்காவிடின், ஒருவர் சாவியைத் திருப்ப மற்றொருவர் புகைக்குழாயைப் பார்த்தல் நலம். புகை சிறிதும் வாராவிடின் எண்ணெய் சிலிண்டருக்குப் போகவில்லை. வெண்புகை வந்தால் எண்ணெய் போகிறது, ஆனால் பற்றவில்லை. இந்த ஒரு சோதனை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

புகை வாராதபோது முதலில் தொட்டியில் எண்ணெய் உண்டா என்று பார்க்க. அடுத்து, யந்திரத்தை நிறுத்தும் இழுகம்பி முழுதும் உள்ளே திரும்பியிருக்கிறதா என்று நோக்குக. துருப்பிடித்த கம்பி பாதியில் நின்று, எண்ணெயை அடைத்துவைத்திருப்பது பழைய வண்டிகளில் காணக்கூடியதே. அதன்பின் பில்டரைக் கவனித்து, அதன் அடியில் தங்கிய தண்ணீரை வடித்துவிடல் வேண்டும்.

குழாயிற் புகுந்த காற்று

எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்தால் யந்திரம் திணறி நின்றுவிடும். ‘ஏர் பிடித்துவிட்டது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனையே. பீட் பம்பின் மேலோ பில்டரின் தலையிலோ உள்ள கைப்பம்பை அழுத்திக்கொண்டே, பில்டரின் காற்றுத் திருகையும், பின்பு பெரிய பம்பின் காற்றுத் திருகையும் சற்றுத் தளர்த்தி, குமிழியின்றி எண்ணெய் வரும்வரை விட்டுப் பிறகு இறுக்க வேண்டும்.

இவ்வாறு செய்து ஓடிய வண்டி மறுநாட் காலையில் திரும்பவும் கிளம்பாவிடில், காற்று எங்கோ ஓயாமல் புகுகிறதென்பது தெளிவு. தொட்டிக்கும் பீட் பம்புக்கும் இடையிலுள்ள குழாய் உறிஞ்சும் பக்கமாகும். அங்கே வெடிப்பு இருந்தால் எண்ணெய் வெளியே சொட்டாமல், காற்று மட்டும் உள்ளே போகும். எண்ணெய்க் கசிவு காணாமையால் அந்தக் குழாயைக் குற்றமற்றதென்று விட்டுவிடுவதே பலர் செய்யும் பிழை. அவ்விடத்தில் ஒரு சாண் நீளம் எண்ணெய் தாங்கும் தெளிந்த பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக இணைத்துப் பார்த்தால், ஓடிவரும் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். காய்ந்த ரப்பர்க் குழாய், தளர்ந்த கவ்வி, தேய்ந்த செம்பு வாஷர் ஆகிய இம்மூன்றிலொன்றே பெரும்பாலும் காரணமாயிருக்கும்.

பீப்பாயில் எண்ணெய் வைத்து உபயோகிப்போர், அதனை ஒரு நாள் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, அடிமட்டத்து எண்ணெயை நீக்கி ஊற்றுதல் வேண்டும். அடியில் தங்கும் தண்ணீரும் தூசியுமே பம்பையும் நாஸிலையும் அரிப்பவை.

ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாமல் யந்திரம் உதறினால், மெதுவாய் ஓடவிட்டு, ஒவ்வொரு இஞ்செக்டரின் குழாய் மறையையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்தி இறுக்கிப் பார்க்கலாம். எதனைத் தளர்த்தும்பொழுது ஓட்டத்தில் மாறுதல் உண்டாகவில்லையோ, அதுவே வேலை செய்யாத சிலிண்டர். இச்சோதனையின்போது மறைக்கு நேரே கையையோ முகத்தையோ கொண்டுபோகலாகாது. மறையின்மேல் கந்தையைச் சுற்றிவைத்துத் தூர நிற்க வேண்டும். அக்குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 200 கிலோவும் அதற்கு மேலும் அழுத்தம் உண்டு. அவ்வேகத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் ஊசி குத்தியதுபோற் சிறிதாகத் தோன்றினாலும், உடனே வைத்தியம் செய்யாவிடில் விரலையே இழக்க நேரிடும்.

புகையின் நிறம்

ஓடும் வண்டியின் புகை அதன் உடல்நிலையைத் தெரிவிப்பதாகும். கரும்புகை மிகுந்தால், எண்ணெய்க்குப் போதிய காற்று இல்லை என்று பொருள். அறுப்புக் காலத்துத் தூசியும் உமியும் ஏர் கிளீனரை அடைப்பதே முதற் காரணம். அதனைத் துப்புரவு செய்தபின்னும் புகை நீங்காவிடின் நாஸிலைச் சோதிக்கலாம். அளவுக்கு மிஞ்சிய பாரமும் கரும்புகை தரும். அது யந்திரத்தின் குற்றமன்று. நீலப்புகை, மசகெண்ணெய் எரிகிறதென்பதைக் காட்டும். பிஸ்டன் ரிங்குகளோ வால்வின் வழிகளோ தேய்ந்திருக்கும். குளிர்ந்த காலையில் சற்றுநேரம் வரும் வெண்புகை கவலைக்குரியதன்று. யந்திரம் சூடேறிய பின்னும் வெண்புகை நீடித்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், தலைப்பாகத்துக் காஸ்கெட் கிழிந்திருக்கலாம். யந்திரம் குளிர்ந்திருக்கையில் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்பினால் தண்ணீரில் ஓயாது குமிழி எழுவதும், அளவுக் கம்பியில் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறமாய்த் தோன்றுவதும் அதனை உறுதிப்படுத்தும்.

சூடு மிகுதல்

முள் மேலே ஏறினால், முதலில் தண்ணீரின் அளவையும் காற்றாடி பெல்டையும், பின்பு ரேடியேட்டரின் முகத்தையும் பார்க்க வேண்டும். வைக்கோற் தூளும் பூச்சிகளும் அதன் இடுக்குகளை அடைத்திருக்கும். யந்திரத்தின் பக்கத்திலிருந்து முன்புறம் நோக்கித் தண்ணீர் பாய்ச்சினால் அவை வந்த வழியே வெளியேறும். எதிர்ப்புறமாய்ப் பாய்ச்சினால் உள்ளே மேலும் இறுகும்.

கிணற்றினதும் ஆழ்குழாயினதும் உப்புத் தண்ணீரை ஊற்றுவது, சோறு வடிக்கும் பானையில் காரை படிவதுபோல் ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பு படியச் செய்யும். காய்ச்சி வடித்த நீரும் வண்டிக்கு விதித்த கூலண்டும் கலந்து ஊற்றுவதே தக்கது.

சூடு மிகுந்தால் தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது ஒரு கெட்ட வழக்கம். தண்ணீர் சுமார் 80 டிகிரி சென்டிகிரேடு சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைப்பது அதன் வேலை. அது இல்லாவிடில் யந்திரம் நெடுநேரம் குளிர்ந்தே ஓடி, சிலிண்டர் விரைவில் தேய்ந்துபோகும். அதனை வெந்நீரில் இட்டுப் பார்த்து, திறவாவிட்டால் புதியது போடலாம். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருகாலும் திறக்கலாகாது; அழுத்தம் நீங்கியவுடன் உள்ளிருக்கும் நீர் கொதித்துப் பொங்கி முகத்தை வேகவைத்துவிடும். சூடான யந்திரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கும்.

பிரேக்கு

மேற்கூறிய கோளாறுகள் பணத்தைக் கெடுப்பவை; பிரேக்குக் கோளாறோ உயிரைக் கெடுப்பது. மிதி பஞ்சுபோல் மெத்தென்றிருந்தால் குழாயில் காற்று உண்டு. காலை அழுத்தி வைத்திருக்கையில் மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கிறது. வண்டி ஒரு பக்கமாய் இழுத்தால், ஒரு சக்கரத்தின் லைனிங்கில் வீல் சிலிண்டரின் எண்ணெயோ ஹப்பின் கிரீஸோ படிந்திருக்கலாம்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. டாட் 3 என்னும் தரத்திற்கு விதிக்கப்பட்டுள்ள குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாயிருக்கும்பொழுது 205 டிகிரி; ஈரம் ஏறியபின் 140 டிகிரி. மலை இறக்கத்தில் சூடேறிய பிரேக்கில் அந்த எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதி ஒன்றுமில்லாமல் தரையைத் தொட்டுவிடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கொருமுறை அதனை மாற்ற வேண்டும். அவசரத்துக்கு யந்திர எண்ணெயை அதில் ஊற்றினால், ரப்பர்கள் யாவும் ஊதிக் கெட்டுவிடும்.

கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு இறங்குவோர், ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்குதல் வேண்டும். எண்ணெய் மிச்சமாகும் என்று எண்ணி நியூட்ரலில் விடுவது பேதைமை. கியரில் இறங்கும்பொழுது பம்பின் கவர்னர் தானே எண்ணெயை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ யந்திரம் எண்ணெய் குடித்துக்கொண்டே ஓடும். யந்திரத்தை அணைத்துவிட்டால், பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் சிறிது நேரத்தில் தீர்ந்துபோகும்.

நிற்க வேண்டிய இடமும் வீடு சேரக்கூடிய இடமும்

வழியில் கோளாறு கண்டபோது ஓட்டுவதா நிறுத்துவதா என்பதை முன்னரே தீர்மானித்து வைத்திருத்தல் நன்று. கரும்புகை, சற்றே திணறல், கிளட்ச் சிறிது வழுக்குதல் ஆகியவற்றோடு பாரத்தைக் குறைத்து மெதுவாய் வீடு சேரலாம். எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தாலும், சூட்டு முள் சிவப்பைத் தொட்டாலும், பிரேக்கு மிதி இறங்கினாலும், ஸ்டீயரிங்கில் திடீரென்று ஆட்டம் கண்டாலும் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். எண்ணெய் அழுத்தம் இன்றி ஓடும் யந்திரத்தின் பேரிங்குகள் ஓரிரு நிமிஷங்களிலேயே தீய்ந்துவிடக்கூடும். ஒரு பாரம் தக்காளியின் விலை யந்திரத்தின் விலைக்கு ஈடாகாது. யந்திரத்தின் விலை ஓட்டுபவனின் உயிருக்கு ஈடாகாது.

சட்டத்திற்கு மாறாகக் கூலியாட்களையும் திருவிழாவுக்குப் போவோரையும் சரக்கு வண்டியின் பின்தட்டில் ஏற்றும் வழக்கத்தைக் கிராம அதிகாரிகள் கண்டித்துத் தடுக்க வேண்டும். பழைய வண்டியின் பிரேக்கைச் சோதிக்காத ஒருவரின் அசட்டை, அப்பொழுது ஒரு தெருவாரையே துக்கத்தில் ஆழ்த்திவிடும். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டுமென்னும் விதியும் இதனை உத்தேசித்ததே.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்து, எண்ணெய் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், கண்ட கோளாறு, அதற்குக் கண்ட காரணம் ஆகியவற்றைக் குறித்து வருவது மிகுந்த பயன் தரும். காலையில் கிளம்புமுன் மசகெண்ணெய், தண்ணீர், பிரேக் எண்ணெய், டயர், பெல்ட் ஆகிய ஐந்தையும் பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். உழவு மாட்டின் குளம்பையும் கண்ணையும் பார்த்துவிட்டு ஏரிற் பூட்டும் குடியானவருக்கு இது புதிய பாடமன்று.