மூச்சும் மனமும்

கேகாலை மாவட்டத்திலுள்ள தெஹியோவிட்டப் பகுதியில் மழைக்குக் குறைவில்லை. இறப்பர் மரங்கள் நிறைந்த சரிவுகளும், தேயிலை மலைகளும், அவற்றை அடுத்து லயங்களும் அமைந்த நாடு அது. மழைக்காலத்தில் அடுப்பிலிட்ட ஈர விறகு எரிவதைக் காட்டிலும் புகைவதே அதிகம். கதவடைத்த காம்பராவில் அப்புகை வெளியேற வழியின்றிச் சுழல்கிறது. அங்கே முதியவரின் இருமலும் குழந்தையின் இழுப்பும் எல்லோருக்கும் பழகிப்போன ஒலிகள். பழகிப்போன அவ்வொலிகளையே தாதியொருவர் கருத்தூன்றிக் கேட்க வேண்டியிருக்கிறது.

தோட்டத் தொழிலுக்கும் மூச்சு நோய்க்கும் உள்ள தொடர்பு மருத்துவ உலகம் அறிந்ததே. கொழும்பில் பணியாற்றிய கஸ்தெல்லானி என்னும் இத்தாலிய மருத்துவர், சால்மர்ஸ் என்பாருடன் எழுதிய வெப்பமண்டல மருத்துவ நூலின் 1919ஆம் ஆண்டுப் பதிப்பில், தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்ப்போரின் இருமல் குறிப்பிடப்பட்டது. இலங்கையின் நெஞ்சுநோய் வைத்தியர் ஊரகொட, தேயிலைத் தொழிற்சாலைத் தூசியால் உண்டாகும் ஆஸ்துமாவை 1970இல் விவரித்தார். ஆதலால், “என்ன செய்கிறது?” என்று கேட்கும் தாதி, “எங்கே வேலை? வீட்டில் அடுப்பு எங்கே இருக்கிறது?” என்றும் கேட்பது பொருத்தமாகும்.

நோயாளி வந்ததும் முதலில் செய்யத்தக்கது, அவரைச் சிறிது நேரம் கவனித்துப் பார்ப்பதாகும். ஒரு வசனத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்கிறாரா? கழுத்துத் தசைகள் இழுபடுகின்றனவா? நாக்கு நீலம் பாய்ந்திருக்கிறதா? கறுத்த தோலில் நீலநிறம் எளிதில் புலப்படாதாகையால் நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்ப்பது அவசியம். பின்னர் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். எண்ணுவது தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும். ஆகவே நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்திருந்தே எண்ணுவது தாதியரின் வழக்கம். ஓய்வாயிருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். இருமலோடு வரும் குழந்தை, இரண்டு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடைப்பட்டதாயின் 50 முறையோ அதற்கு மேலோ, ஒன்று முதல் ஐந்து வயது வரையாயின் 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், அது நியூமோனியாவாக இருக்கக்கூடும்.

இங்கேதான் மனத்தைப் பற்றிய கேள்வி எழுகிறது. மூச்சுத் திணறும் ஒருவர் திடீரென அலைபாய்கிறார். இடம் பொருள் தெரியாமல் பேசுகிறார். கையைப் பிடித்தால் உதறுகிறார். அவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்பர் சிலர். காத்துக் கறுப்பு என்று கோடாங்கியை அழைப்பர் வேறு சிலர். ஆனால், மூளைக்குப் பிராணவாயு குறையும்போதும் மனிதர் இவ்வாறே நடந்துகொள்வர். முதியவருக்கு நியூமோனியா சில வேளைகளில் காய்ச்சலும் இருமலுமின்றி, வெறுங் குழப்பமாகவே வெளிப்படுவதுண்டு. அத்தகையவரை அடக்க உறக்க மருந்து கொடுத்தால் மூச்சு மேலும் தளர்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். இழுப்புக்காரரின் நெஞ்சில் கேட்ட ஓசை திடீரென அடங்கி, அவரும் சோர்ந்துவிட்டால், நோய் தணிந்தது என்று நம்பலாகாது. காற்றே உட்புகாத நிலையாகவும் அது இருக்கலாம். எனவே, மனக் கோளாறு என்று முடிவு செய்யுமுன் மூச்சை அளந்து பார்ப்பது தாதியின் கடமை.

இதற்கு மறுபுறமும் உண்டு. பேரச்சம் கொண்டவருக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு விரைந்தோடும், விரல்கள் மரத்துப்போகும். இழுப்புக்கு எடுக்கும் மருந்தும் கை நடுக்கத்தையும் படபடப்பையும் தரக்கூடும். உடல்நோய் இல்லையென்று தெளிந்த பிறகும், “உனக்கு ஒன்றுமில்லை” என்று அனுப்பிவிடுவது பரிகாரமாகாது. அவர் படும் வேதனை மெய்யானது.

காசநோயாளியிடம் உடலும் மனமும் இன்னும் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் இதற்குக் கட்டணமில்லை, மருந்தும் இலவசம். எனினும், லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். செய்தி பரவிவிடுமோ, மகளின் கலியாணம் தடைப்படுமோ, ஒரு நாட்பேர் போய்விடுமோ என்ற அச்சத்தில் நோயை மறைப்போர் உண்டு. ஆறு மாதமேனும் உண்ண வேண்டிய மருந்தை இரண்டாம் மாதத்தில் நிறுத்துபவரைச் சோம்பேறி என்று கடிவதற்கு முன், அவர் மனம் தளர்ந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். மருந்தினால் சிறுநீர் செம்மஞ்சளாகும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் வீண் பயம் ஒழியும்.

மனநிலையை அறியக் கடினமான கேள்விகள் தேவையில்லை. “அம்மா, இரவில் நித்திரை வருகிறதா? சாப்பாட்டில் விருப்பம் இருக்கிறதா? முன்பு பிடித்த காரியங்கள் இப்போதும் பிடிக்கின்றனவா?” என்பவை போதுமான தொடக்கம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பதையும் நேராக, அமைதியாகக் கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. உண்டென்று சொன்னவரைத் தனியே விடாமல் வைத்தியரிடம் சேர்ப்பிக்க வேண்டும். தேசிய மனநல உதவித் தொலைபேசி எண் 1926. தாதி சிங்களமும் நோயாளி தமிழும் மட்டுமே அறிந்தவராயின், கூட வந்த பிள்ளையைக் கொண்டு இவற்றைக் கேட்பது தகாது. தாய் தன் துயரத்தைப் பிள்ளையின் வாயால் சொல்ல மாட்டாள். இரு மொழியும் அறிந்த வளர்ந்தவரை நாட வேண்டும்.

பராமரிப்பின் முதற்படி எளியது. மூச்சுத் திணறுபவரைப் படுக்க விடாமல், முன்னோக்கிச் சற்றே சாய்ந்து உட்காரச் செய்து, மடியில் தலையணை வைத்துக் கைகளை அதன்மேல் ஊன்றச் செய்யலாம். உதடுகளைக் குவித்து மெல்ல மூச்சு விடச் சொல்லி, தாதியும் கூடவே அவ்வாறு விட்டுக் காட்டலாம். வீட்டிலுள்ளோர் சமைக்கும்போது கதவைத் திறந்து வைத்து, நோயாளியையும் குழந்தையையும் இஸ்தோப்பில் இருத்தலாம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட தாதியியல் நூலில் நல்ல காற்றுக்கே முதலிடம் தந்தார். பேசவும் முடியாமல் திணறுபவரையோ, நீலம் பாய்ந்தவரையோ, திடீரெனக் குழம்பியவரையோ வீட்டில் வைத்துப் பார்த்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நெஞ்சுக்கு ஒரு வாட்டும் மனத்துக்கு வேறொரு வாட்டும் வைத்தியசாலையில் தனித்தனியே இருக்கலாம். மலையிறங்கி வரும் நோயாளியோ இரண்டையும் ஒன்றாகவே சுமந்து வருகிறார். ஒரு நிமிடம் மூச்சை எண்ணி, அடுத்த நிமிடம் நித்திரையைப் பற்றி விசாரிக்கும் தாதியிடம் அவர் தம் முழுச் சுமையையும் இறக்கி வைக்கலாம்.